செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் கோப்பில் சேர்க்க மனம் வராமல் மேசையிலேயே வைத்திருக்கிறேன். "என் சிநேகிதியின் அப்பாவுக்குப் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவரிடம் என்ன பேசுவது, அவளிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் அரை மணி நேரத்தில் எழுந்து வந்துவிட்டேன். மனசு ஆறவே இல்லை. நான் என்ன செய்யலாம், சொல்லுங்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். ஏப்ரல் 11 உலகப் பார்க்கின்சன் நாள். இந்த இதழின் என் பக்கத்தை அந்த வாசகிக்கே கொடுத்துவிடுகிறேன். அந்த நாளை முன்னிட்டு மட்டும் அல்ல. என் அப்பாவுக்கும் அந்த நோய்தான் இருந்தது.

அப்பா கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு வங்கியில் 31 வருடம் காசாளராக இருந்தவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், ஈசிசேரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும்போது அவருடைய வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டே இருப்பதைப் பார்த்தோம். நோட்டு எண்ணுகிற அதே அசைவு. "ரிட்டயர் ஆகியும் கவுன்ட்டரை விட்டு எழுந்திருக்க மனசில்லை பாரு" என்று அம்மா சிரித்தாள். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். கை சும்மா இருக்கும்போது ஆடும், டம்ளரை எடுத்தால் அடங்கிவிடும் நடுக்கம் இந்த நோய்க்கே உரியது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

பிறகு ஒரு நாள், கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அவருடைய காசோலை திரும்பி வந்தது. 31 வருடம் மற்றவர்களிடம் அவர் சொல்லிவந்த வாக்கியம் அது. அன்று முழுக்க அவர் பேசவில்லை. அம்மா வீட்டு வரவு செலவு நோட்டை எடுத்துப் புரட்டினாள். தை மாதத்துப் பக்கங்களில் முத்து முத்தாக இருந்த எழுத்து, ஆவணிக்கு வரும்போது கடுகாகச் சிறுத்து, வரி முடியுமிடத்தில் கண்ணுக்கே தெரியாமல் தேய்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தால் நோய் அதற்கும் ஐந்தாறு வருடம் முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டிருக்கிறது. ரசத்தில் பெருங்காய வாசனையே இல்லை என்பார். அம்மாவுக்குக் கோபம் வரும். தூக்கத்தில் யாரையோ எட்டி உதைப்பார். தீராத மலச்சிக்கல். தனித்தனியாகப் பார்த்தபோது எதுவும் நோயாகத் தெரியவில்லை.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817-ல் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் அவர் விவரிப்பது ஆறே ஆறு பேரை. அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. அந்தப் பார்வையின் கூர்மை இன்றைக்கும் மருத்துவர்களை வியக்க வைக்கிறது. நோயில் நடப்பது இதுதான்: மூளையின் நடுப்பகுதியில் கருமையான ஒரு சிறு திட்டு இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்ததும் கை எழுவதும் கால் நகர்வதும் அதனால்தான். அந்தச் செல்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. விரல் நடுங்குவது நம் கண்ணில் படும் நாளில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ போய்விட்டிருக்கும். அழிவை நிறுத்த இன்றுவரை மருந்து இல்லை. ஆனால் குறைந்துபோன டோபமைனை ஈடுகட்ட லீவோடோபா இருக்கிறது. 1960-களிலிருந்து கோடிக்கணக்கான கால்களை நடக்க வைத்த மருந்து அது. நம் ஊர் வேலியோரத்தில் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, 1937-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர்கள் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரனும் ராமசாமியும். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. கூடவே ஒரு பயமும் வருகிறது. "பூனைக்காலிப் பொடி குடுங்க, மாத்திரையை நிறுத்திடுங்க" என்று சொல்ல எங்கள் வீட்டுக்கே நான்கு பேர் வந்தார்கள். விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து மிஞ்சிப்போகும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினாலோ உடல் மரம்போல் விறைத்துக் காய்ச்சல் கண்டு உயிருக்கே ஆபத்தாகும். நோயாளி வீட்டுக்குப் போகும் வாசகர்களை நான் முதலில் கேட்டுக்கொள்வது, வைத்தியம் சொல்லாதீர்கள் என்பதுதான்.

அப்பா வலது கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழகினார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். பந்தியில் இலையில் கைவைத்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்ற கூச்சம். அப்போது என் தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். "வெளியில சொல்லாதீங்க" என்று சொந்தக்காரர்களே அம்மாவின் காதில் போட்டார்கள். இது தொற்றுநோய் அல்ல. பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாக வருவதும் இல்லை. ஆனாலும் மறைத்தோம். 1980-ல் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் குத்துச்சண்டை போட்ட முகமது அலியை அப்பாவுக்கு நிரம்பப் பிடிக்கும். அதே அலி 1996-ல் அட்லாண்டா ஒலிம்பிக்கில், இதே நோயால் நடுங்கும் கையோடு உலகம் முழுவதும் பார்க்க ஜோதியை ஏற்றினார். அந்தப் படத்தை என் தம்பி அப்பாவிடம் காட்டினான். அப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முகூர்த்தத்துக்குக் கையை வெளியே விட்டுக்கொண்டு வந்தார்.

வந்த இடத்தில் இன்னொரு வருத்தம் காத்திருந்தது. "மாமா முகம் கொடுத்தே பேசலை. என்ன கோபமோ" என்று அத்தை வீட்டார் மனத்தாங்கலோடு போனார்கள். முகத்துத் தசைகளும் இறுகிப்போவதால் சிரிப்பு உதடு வரை வந்து சேராது. கண் இமைப்பதும் குறைந்துவிடும். உள்ளே மகிழ்ச்சி பொங்கினாலும் வெளியே தெரிவது கல் முகம். அன்று இரவு அப்பா அம்மாவிடம், "பொண்ணு மாலை மாத்தினப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்தது தெரியுமா" என்றாராம். குரலும் தேய்ந்துவிட்டதால் அம்மா இரண்டு முறை கேட்டுத்தான் புரிந்துகொண்டாள். அந்த முகத்தை வைத்து மனத்தை எடைபோடாதீர்கள் என்று உங்கள் சிநேகிதி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. அவளுக்காக நீங்கள் சொல்லலாம்.

இந்த நோய் கண்ட வீட்டில் கடிகாரம்தான் எஜமானர். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து: ஐந்து வேளை மாத்திரை. மருந்து வேலை செய்யும் நேரத்தை 'ஆன்' என்றும், அதன் வீரியம் இறங்கும் நேரத்தை 'ஆஃப்' என்றும் எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லப் பழகினோம். ஆன் நேரத்தில் அப்பா தானே வேட்டி கட்டிக்கொள்வார். ஆஃப் நேரத்தில் கட்டிலில் புரண்டு படுக்க இரண்டு பேர் வேண்டும். பத்தே கால் மணிக்கு ஒருவர், பன்னிரண்டரைக்கு இன்னொருவர் என்று இரு மனிதர்கள் வீட்டில் இருப்பதுபோல் இருக்கும். தம்பி சிங்கப்பூரிலிருந்து ஆன் நேரத்தில் வீடியோ காலில் வருவான். "அப்பா நல்லாத்தானே இருக்கார், நீ ஏம்மா பயப்படுத்தறே" என்பான். போனை வைத்ததும் அம்மா அழுவாள். அவன் கெட்டவன் இல்லை. மாதாமாதம் பணம் அனுப்பினான். அவனும் அந்த அரை மணி நேரத்தைத்தான் பார்த்தான். சென்னையில் இருந்த நானும் சனி, ஞாயிறு மட்டுமே பார்த்தேன். மீதி மணி நேரங்களைப் பார்த்தவள் அம்மா ஒருத்திதான்.

மாத்திரையை அம்மா ஒரு டம்ளர் பாலோடுதான் கொடுப்பாள், வயிறு புண்ணாகிவிடக் கூடாதே என்று. பாலில் இருக்கும் புரதமும் லீவோடோபாவும் குடலிலிருந்து உள்ளே போவதற்கு ஒரே வாசல்தான். கூட்டத்தில் மாத்திரை பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் வெறும் தண்ணீரில் கொடுங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகு, அதே மாத்திரையில் அப்பா முன்பைவிட நன்றாக நடந்தார். இரண்டு வருடமாக அன்பாகச் செய்துவந்தது தடையாக இருந்திருக்கிறது என்று தெரிந்தபோது அம்மா உடைந்துபோனாள். யாரும் அதுவரை சொல்லவில்லையே, அவள் எப்படி அறிவாள்?

நிலைப்படி ஒரு பெரிய சோதனை. கூடத்தில் ஒழுங்காக நடந்து வருபவர், வாசற்படியைக் கண்டதும் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது. "வாங்களேன், என்ன வீம்பு" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்து ஒருமுறை இருவரும் விழுந்தார்கள். அந்த நிலையில் இழுக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால் அதைத் தாண்டுகிற நினைப்பில் கால் தானாக எழும் என்று பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பையன்தான் எங்களுக்குச் சொன்னான். அவன் கலர் டேப் ஒட்டச் சொன்னான். அம்மா அரிசி மாவைக் கரைத்து, ஒரு முழத்துக்கு ஒன்றாக நிலைப்படிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று கோடு இழுத்தாள். அப்பா அதைத் தாண்டித் தாண்டி வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு தினமும் விடியற்காலையில் வாசலில் கோலம் போடும் கையோடு அம்மா வீட்டுக்குள்ளும் அந்த ஆறு கோடுகளைப் போடுவாள்.

குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்ய ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். "மாத்திரை எல்லாம் எங்க டைமுக்குத்தான் குடுப்போம்" என்றார்கள். பத்து மணி மாத்திரை பதினொன்றரைக்கு வந்தது. வாந்தி வருகிறதென்று ஓர் ஊசி போட்டார்கள். மறுநாள் காலை அப்பா விறகுக்கட்டைபோல் கிடந்தார், விழுங்கவும் முடியவில்லை. எங்கள் நரம்பியல் மருத்துவரிடம் போனில் ஊசியின் பெயரைப் படித்துக் காட்டினோம்: மெட்டோகுளோப்ரமைடு. டோபமைனின் வேலையையே தடுக்கும் மருந்து. பார்க்கின்சன் நோயாளிக்குக் கொடுக்கக் கூடாதது. வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் மனக்குழப்பத்துக்கும் வழக்கமாகத் தரும் மருந்துகளில் இப்படிச் சில உண்டு. ஆகவே எதற்காக மருத்துவமனைக்குப் போனாலும், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தெந்த மருந்து ஆகாது என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, நோயாளியின் பையில் வையுங்கள். சாதாரணத் தாள்தான். எங்களிடம் அது இருந்திருந்தால் அந்த நான்கு நாள் அவர் பட்ட பாடு மிச்சமாகியிருக்கும்.

கடைசி வருடங்களில் அப்பா ஊஞ்சலில் ஒரு சிறு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கத் தொடங்கினார். "அந்தப் பொண்ணுக்கு ஒரு டம்ளர் மோர் குடு, வெயில்ல வந்திருக்கா" என்பார். காத்து கருப்பு என்றார்கள், தாயத்துக் கட்டச் சொன்னார்கள். நோயாலும் வரும், மருந்தாலும் வரும், அளவை மாற்றிப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். மாற்றியதும் குறைந்தது. அதுவரை அம்மா வாதாடவே இல்லை. மோரைக் கொண்டுவந்து ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டு, "குடிப்பா, நீங்க வாங்க" என்று அவரைக் கூட்டிப்போவாள்.

இனி என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலே அவள்தான்.

அம்மாவுக்கு அப்போது 62 வயது. சர்க்கரை இருந்தது, பரிசோதனைக்குப் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இரவில் மூன்று முறை எழுப்புவார் அப்பா. இடுப்பு வலியைச் சொல்லமாட்டாள். வந்தவர்கள் எல்லோரும் "அவர் எப்படி இருக்கார்" என்று கேட்டார்கள். அம்மாவின் தங்கை மட்டும் ஒரு நாள் வந்து, அவள் கையிலிருந்த தோசைத் திருப்பியை வாங்கி வைத்துவிட்டு, "அக்கா, செவ்வாய்க்கிழமை மதியம் ரெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் இனிமே நான் இருக்கேன். நீ போ" என்றாள். "எங்கே போறது?" என்றாள் அம்மா. "எங்கேயாவது போ. போகலைன்னா படு."

முதல் வாரம் அம்மா பக்கத்து அறையில் மூன்று மணி நேரம் தூங்கினாள். அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாம் வாரம் சாரங்கபாணி கோயில் பக்கம் போய்ப் பொற்றாமரைக் குளப் படியில் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தாள். நான்காம் வாரம் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போனாள்.

சித்தி தன் தெருவின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்குப் பொருளாளர். செவ்வாய்தோறும் குழுவின் வசூல் பணத்தை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவருவாள். கசங்கிய பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள், சில்லறை. "மச்சான், கணக்கு சரியா வருதான்னு பார்த்துக் குடுங்க" என்று அப்பாவின் முன்னால் கொட்டுவாள். இரண்டாயிரத்துச் சொச்சம் இருக்கும். சித்தியே எண்ணினால் ஐந்து நிமிடம். அப்பாவுக்கு நாற்பது நிமிடம் ஆகும். முகப்பைத் திருப்பி, ஒரே பக்கமாக அடுக்கி, விரல் நழுவினால் மறுபடி முதலிலிருந்து. சித்தி கைகொடுக்கமாட்டாள், அவசரப்படுத்தமாட்டாள், கருவேப்பிலை உருவிக்கொண்டு பக்கத்தில் இருப்பாள். எண்ணி முடித்ததும் கட்டங்கட்டமாகக் கோடு போட்ட நோட்டில், கட்டம் நிறைகிறமாதிரி பெரிதாகத் தொகையை எழுதச் சொல்வாள். பிறகு, வங்கியில் கூப்பிட்டதுபோல், "டோக்கன் நாற்பத்தேழு!" என்று உரக்கக் கூப்பிட வேண்டும். கேட்கவில்லை என்று சித்தி இரண்டு முறை சொல்வாள். மூன்றாவது முறை அது தெருவுக்கே கேட்கும். குரலை உரக்க எழுப்பிப் பழகுவதும் பெரிதாக எழுதிப் பழகுவதும் இந்த நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் பயிற்சிகள் என்று பின்னால் தெரிந்துகொண்டோம். சித்தி எட்டாவது வரை படித்தவள். அவள் அதைப் பயிற்சி என்று நினைத்துச் செய்யவில்லை. மச்சானுக்குத் தெரிந்த வேலையை மச்சானிடம் கொடுத்தாள்.

ஆறு வருடம் வந்தாள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். உங்கள் சிநேகிதிக்கு அலைவதற்கும் ஆள் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பார்க்கின்சன் நோயையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. இயலாமைச் சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையில் வரிசையில் நிற்க வேண்டும். அவளுக்குப் பதில் நீங்கள் போய் என்ன தாள்கள் வேண்டும் என்று விசாரித்து வரலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். அவர்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கொடுக்கலாம். குளியலறையில் கைப்பிடி வைக்க ஒரு ஆளைக் கூட்டிப்போகலாம். அவருக்குச் சாப்பிட ஒரு மணி நேரம் ஆகும்போது கூட உட்கார்ந்து நீங்களும் மெதுவாகச் சாப்பிடலாம். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை அவரே முடிக்கும் வரை காத்திருங்கள். நடுவில் எடுத்துக் கொடுக்காதீர்கள்.

"ஏதாவது உதவி வேணும்னா சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அப்படி எங்களிடம் சொன்னவர்கள் பலர். அம்மா ஒருவரிடமும் எதையும் கேட்கவில்லை. இந்த வாரமே போங்கள். ஆப்பிள் வேண்டாம். கிழமையையும் மணியையும் நீங்களே சொல்லுங்கள். அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு போங்கள். எந்தக் கிழமை என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்